பாலத்தடியில் பறக்கும் கண்

பாலத்தின் மேல் போகாதவர்கள் நம்மில் யாரும் இருக்க முடியாது. அதன் அடியில் நின்று அண்ணாந்து பார்த்தவர்கள் மிகக் குறைவு. ஆனால் ஒரு பாலத்தின் ஆயுட்கணக்கு பெரும்பாலும் அதன் அடிப்பக்கத்தில்தான் எழுதப்பட்டிருக்கிறது. துருவும், விரிசலும், நீர்க்கசிவும், தளர்ந்த போல்ட்டும் அங்கேதான் முதலில் தலைகாட்டும். அமெரிக்காவில் பாலம் சோதிக்கும் குழுக்களோடு சில ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான். அந்த வேலையில் ட்ரோன் எனப்படும் ஆளில்லாச் சிறு விமானம் கொண்டுவந்த மாற்றத்தையும், அது கொண்டுவராத ஒன்றையும் பற்றி இக்கட்டுரையில் எழுத விரும்புகிறேன்.

சட்டம் பிறந்த கதை

ஒஹாயோ ஆற்றின் குறுக்கே, மேற்கு வர்ஜீனியாவின் பாயின்ட் ப்ளசன்ட் நகரை அக்கரையோடு இணைத்த 'சில்வர் பாலம்' 1967 டிசம்பர் 15 அன்று மாலை, வாகன நெரிசல் நேரத்தில் இடிந்து விழுந்தது. 46 பேர் இறந்தார்கள். பாலத்தைத் தாங்கிய இரும்புச் சங்கிலியின் ஒரு கண்ணியில் சுமார் இரண்டரை மில்லிமீட்டர் ஆழமுள்ள விரிசல் இருந்தது. அந்தக் கண்ணி அறுந்ததும் பாலம் முழுவதும் சரிந்தது. விரிசல் இருந்த இடமோ இணைப்பின் உட்புறம். பிரித்துப் பார்த்தாலன்றி எந்தக் கண்ணுக்கும் அது தெரிந்திருக்காது.

அந்த விபத்துக்குப் பிறகே, நாடு முழுவதும் பாலங்களைக் காலமுறைப்படி சோதிக்க வேண்டும் என்ற விதிகள் 1971ல் நடைமுறைக்கு வந்தன. பொதுவாக 24 மாதங்களுக்கு ஒரு முறை சோதனை. இன்று அமெரிக்காவில் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட பாலங்கள் உள்ளன. இவற்றை எல்லாம் யாராவது ஒருவர் போய்ப் பார்த்தாக வேண்டும்.

லாரியும் கயிறும் சுத்தியலும்

பார்ப்பது எப்படி? பாலத்தின் கைப்பிடிச் சுவரைத் தாண்டி வெளியே நீண்டு, பின் கீழே மடங்கி, பாலத்தின் வயிற்றுக்கடியில் ஆளைக் கொண்டு நிறுத்தும் இயந்திரக் கை பொருத்திய லாரி ஒன்று உண்டு. தொழிலாளர்கள் அதை 'ஸ்னூப்பர்' என்பார்கள். அது நிற்க ஒரு வழித்தடத்தை மூட வேண்டும். மூடினால் போக்குவரத்து தேங்கும். வேகமாக வரும் வண்டிகள் பின்னால் வந்து மோதும் அபாயமும் உண்டு. லாரியின் கை எட்டாத உயரத்தில், மலையேறுபவர்களைப் போலக் கயிற்றில் தொங்கிப் பார்ப்பார்கள்.

கையில் ஒரு சுத்தியல் இருக்கும். முற்றிய தேங்காயைத் தட்டிப் பார்ப்பதுபோல் காங்கிரீட்டைத் தட்ட வேண்டும். நல்ல காங்கிரீட் 'கணீர்' என்று ஒலிக்கும். உள்ளே படலமாகப் பிரிந்துவிட்டிருந்தால் 'பொத்' என்று செத்த ஒலி வரும். அந்த ஒலி வேறுபாட்டைக் காது பழகிக்கொள்ளச் சில காலம் ஆகும்.

ட்ரோன் செய்வது என்ன?

அமெரிக்காவில் சிறு ட்ரோன்களைத் தொழில்முறையில் பறக்கவிடுவதற்கான பொது விதிகள் 2016 ஆகஸ்டில் அமலுக்கு வந்தன. அதற்கு முன்பே, 2015ல், மின்னசோட்டா மாநிலப் போக்குவரத்துத் துறை பாலச் சோதனைக்கு ட்ரோனைப் பயன்படுத்திப் பார்க்கத் தொடங்கிவிட்டது.

பாலத்தடியில் பறப்பது கல்யாண மண்டபத்துக்கு மேலே பறந்து படம் எடுப்பதுபோல் எளிதல்ல. மேலே உள்ள தளம் வானத்தை மறைத்துவிடுவதால் ஜிபிஎஸ் சமிக்ஞை தடுமாறும். சுற்றிலும் உள்ள எஃகு, ட்ரோனின் திசைகாட்டியைக் குழப்பும். எனவே இதற்கென்று வந்துள்ள ட்ரோன்கள் தம்மைச் சுற்றியுள்ள காட்சியைக் காமிராக்களால் பார்த்தே தம் இடத்தைக் கணித்துக்கொள்கின்றன. காமிராவை நேர் மேலே திருப்பவும் முடிகிறது.

ஒன்றன்மேல் ஒன்று பெரும்பகுதி படியுமாறு நூற்றுக்கணக்கான படங்களை எடுத்துக் கணினியில் கோத்தால், பாலத்தின் முப்பரிமாண உருவம் கிடைக்கும். இந்த ஆண்டின் உருவத்தையும் அடுத்த ஆண்டின் உருவத்தையும் அருகருகே வைத்து, எந்த விரிசல் வளர்ந்தது என்று ஒப்பிடலாம். வெப்பத்தைப் படமாக்கும் காமிரா இருந்தால், சுத்தியல் சொல்லும் செய்தியில் ஒரு பகுதியை அதுவும் சொல்லும். படலமாகப் பிரிந்த காங்கிரீட் பகல் வெயிலில் சீக்கிரம் சூடேறும், இரவில் சீக்கிரம் குளிரும். ஆனால் நேரம் தப்பினால் இந்த வேறுபாடு மறைந்துவிடும்.

கட்டுமானத்திலும் இதே உத்திதான். மண் குவியலின் கன அளவைக் கணக்கிடுவதும், கட்டிய பகுதியை வரைபடத்தோடு ஒப்பிடுவதும் இப்போது ட்ரோனுக்கு அன்றாட வேலைகளாகிவிட்டன.

மெம்பிஸ் சொன்ன பாடம்

மிசிசிப்பி ஆற்றின்மேல், டென்னசியின் மெம்பிஸ் நகரை ஆர்க்கன்சாவோடு இணைக்கும் ஹெர்னான்டோ டி சோட்டோ பாலம் 1973ல் திறக்கப்பட்டது. பக்கத்தில் நின்று பார்த்தால் ஆங்கில எழுத்து 'எம்' போல இரண்டு வில்வளைவுகள். வில்லின் இரு நுனிகளையும் விரியவிடாமல் பிடித்திருப்பது நாண். இங்கே அந்த நாண், வளைவின் பாதங்களை இணைத்துக் கட்டும் கிடைமட்ட எஃகு கர்டர். நாண் அறுந்தால் வில் என்ன ஆகும் என்று விளக்கத் தேவையில்லை.

2021 மே 11 அன்று வழக்கமான சோதனையின்போது அந்த நாணில் ஒரு முறிவு கண்ணில் பட்டது. மயிரிழை விரிசல் அல்ல, எஃகு பிளந்து நின்ற முறிவு! சோதகர்கள் உடனே அவசர எண்ணை அழைத்துப் போக்குவரத்தை நிறுத்தச் செய்தார்கள். கீழே ஆற்றில் படகுகளும் சில நாட்கள் நிறுத்தப்பட்டன. பழுதுபார்த்து முழுவதுமாகத் திறக்க ஆகஸ்ட் தொடக்கம் ஆகிவிட்டது.

அடுத்த சில நாட்களில் வெளிவந்த செய்திதான் என்னைப் போன்றவர்களின் தூக்கத்தைக் கெடுத்தது. 2019 மே மாதமே எடுக்கப்பட்ட ட்ரோன் வீடியோவில் அதே இடத்தில் சேதம் தெரிவதாக ஆர்க்கன்சா போக்குவரத்துத் துறை அறிவித்தது. முந்தைய ஆண்டுகளில் அந்தப் பகுதியைச் சோதித்த ஊழியர் பணி நீக்கம் செய்யப்பட்டார். பிறகு, 2016ல் ஆற்றில் படகோட்டிச் சென்ற ஒருவர் எடுத்த படத்திலும் அந்த விரிசல் இருப்பது கண்டுபிடிக்கப்பட்டது. படம் இருந்தது, பார்த்தவர் இல்லை. அத்தனை நாளும் அந்தப் பாலத்தில் லாரிகள் ஓடிக்கொண்டிருந்தன.

இது முதல் முறையுமல்ல. 2007 ஆகஸ்ட் 1 அன்று மினியாபொலிஸ் நகரில் 35W நெடுஞ்சாலைப் பாலம் விழுந்து 13 பேர் இறந்தார்கள். கம்பிச் சட்டங்களை இணைக்கும் தகடுகள் தேவையான தடிமனில் ஏறத்தாழப் பாதியே இருந்தன என்று விசாரணை கண்டது. அத்தகடுகள் வளைந்திருப்பது 2003ல் எடுத்த படங்களிலேயே தெரிந்தது. அதை ஆபத்தின் அறிகுறியாக யாரும் படித்துக்கொள்ளவில்லை.

ட்ரோன் எட்டாத இடம்

இத்தாலியின் ஜெனோவா நகரில் மொராண்டி பாலம் 2018 ஆகஸ்ட் 14 அன்று இடிந்து 43 பேர் மாண்டார்கள். அதைத் தாங்கிய எஃகுக் கம்பிகள் காங்கிரீட்டுக்குள் பொதிந்திருந்தன, உள்ளே துருப்பிடித்தன. எத்தனை கூர்மையான காமிராவும் காங்கிரீட்டின் தோலைத்தான் படம் எடுக்கும்.

எனவேதான் ஒன்று முறிந்தால் பாலமே விழும் என்ற நிலையில் உள்ள உறுப்புகளைக் கையெட்டும் தூரத்தில் நின்று சோதிக்க வேண்டும் என்று அமெரிக்க விதி சொல்கிறது. துருவைச் சுரண்டவும், வண்ணப்பூச்சின் கீழே விரிசல் ஓடுகிறதா என்று தடவிப் பார்க்கவும் ட்ரோனுக்குக் கை இல்லை. விரிசலைத் தேடித் தரும் கணினி நிரல்கள் வந்துவிட்டன. அவையும் சில வேளை சிலந்தி வலையையும் நீர்க்கறையையும் விரிசல் என்று எண்ணிக்கொள்ளும்.

ட்ரோன் வேண்டாம் என்று இதற்குப் பொருள் கொள்ளலாகாது. கயிற்றில் தொங்கும் மனிதனின் உயிருக்கு அது பாதுகாப்பு. எந்த இடத்துக்கு ஆள் போக வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லும் ஒற்றன் அது. ஆனால் ஒரு நாள் பறந்தால் ஆயிரக்கணக்கான படங்கள் குவிகின்றன. அவற்றை உட்கார்ந்து பார்க்க எத்தனை பேர், எத்தனை மணி நேரம் என்பதைத் திட்டச் செலவில் முதலிலேயே எழுதிவைக்க வேண்டும். ஒவ்வொரு படத்தையும் பார்த்தவர் யார் என்று கையெழுத்து இருக்க வேண்டும். ட்ரோன் வாங்கப் பணம் ஒதுக்கும் துறைகள் அந்தக் கையெழுத்துக்கும் சம்பளம் ஒதுக்க வேண்டும்.