டேர்பன் கடற்கரையில் நான்காம் கை

முதுகிலே ஒரு பையும் மனத்திலே சிறிது அச்சமுமாக அந்நிய நகரொன்றில் வந்திறங்கும் பிரயாணிக்கு முதலில் வேண்டியது யாது? உணவும் உறையுளும் என்பர் பெரியோர். உண்மையே. ஆயினும் அவ்விரண்டும் காசு கொடுத்தாற் கிடைத்துவிடும். மாலையில் திரும்பி வரும்போது, "இன்று எங்கே போயிருந்தீர்கள்?" என்று கேட்பதற்கு ஓர் ஆள் வேண்டுமே, அது கடையிற் கிடைக்கும் பண்டமன்று. 2023 ஆம் ஆண்டு நவம்பர் மாதத்திலே தென்னாபிரிக்காவின் டேர்பன் நகரில் பத்து நாட்கள் தங்கியிருந்தோம். (நாம் என்றது ஒருவரைத்தான், துணைக்கு எவரும் வரவில்லை.) அங்கே நமக்கு வாய்த்த சிநேகிதம் ஒன்றைப் பற்றியும், அதனை நாமே கெடுத்துக்கொள்ள இருந்த விதத்தைப் பற்றியும் வாசகர்களுக்குச் சொல்ல விரும்புகின்றோம்.

டேர்பன் கடலோடு ஒட்டிப் பிறந்த நகரம். துறைமுக வாயிலிலிருந்து உம்கேனி ஆற்றின் முகத்துவாரம் வரையில் கரையோரமாக அகன்ற நடைபாதை ஒன்று செல்கின்றது. 'பொன் மைல்' என்பது அக்கரையின் பெயர். நடந்து பார்த்தவர்க்கோ அது ஒரு மைலில் முடிகிற காரியமன்று. விடியற்காலையில் ஓடுவோர், அலைமேற் பலகையிற் சறுக்கும் இளைஞர், மணலிலே சிங்கமும் முதலையும் வனைந்து சில்லறை கேட்கும் சிற்பிகள், மணிகளும் கொம்புகளும் வைத்த பெருந்தலையணியுடன் றிக்‌ஷா இழுக்கும் சூலு மக்கள் என்று அங்கே கூட்டத்துக்குக் குறைவில்லை. வடக்கேயிருந்து வரும் வெப்ப நீரோட்டம் கரையோரமாகப் பாய்வதனால் நீரும் இதமாயிருக்கும். நமது காலிமுகத் திடலில் மோதுகின்ற அதே இந்து சமுத்திரந்தான். எனினும், அத்தனை பேருக்கு நடுவே தனியே நிற்பவனுக்குக் கடல் ஆறுதல் தருவதில்லை என்பதை முதல்நாள் மாலையிலேயே அறிந்தோம்.

நாம் தங்கியது முதுகுப்பைப் பிரயாணிகளுக்கான விடுதியொன்றில். அறையொன்றுக்கு எட்டுப் படுக்கைகள், இரண்டிரண்டாக மேலும் கீழும். இவ்வகை விடுதிகளின் ஆதி கர்த்தா ஜேர்மனியப் பள்ளி ஆசிரியரான றிச்சார்ட் ஷிர்மான் என்பவர். 1909 ஆம் ஆண்டிலே மாணவர்களைக் கூட்டிக்கொண்டு நெடுந்தூரம் நடந்து சென்றபோது, புயல் மழையில் அகப்பட்டுப் பள்ளிக்கூடமொன்றில் இரவைக் கழிக்க நேர்ந்தது. நடந்து செல்லும் இளைஞருக்கு ஊர்தோறும் மலிவான தங்கிடம் இருந்தாலென்ன என்ற எண்ணம் அவருக்கு அன்றிரவு உதித்ததாம். 1912 இல் அல்தேனா என்னும் ஊரின் பழங்கோட்டையிலே முதலாவது நிரந்தர விடுதி தோன்றியது. மழைதான் அதற்குக் காரணம் என்பதை வாசகர்கள் மனத்தில் வைத்துக்கொள்க. மழை மறுபடியும் வரும்.

விடுதியிலே சிநேகிதம் பிறக்குமிடம் சமையலறை. கட்டிலிற் படுத்துக்கொண்டு கைத்தொலைபேசியை நோக்கியிருப்பவனிடம் எவரும் வந்து பேசுவதில்லை. நாம் வெங்காயம் அரியக் கத்தி கேட்டோம். கத்தியைத் தந்த டச்சுப் பெண் நமது பருப்புக் கறியை எட்டிப் பார்த்தாள். பிரேசில் நாட்டு இளைஞர் இருவர் தட்டோடு வந்து சேர்ந்தனர். சனிக்கிழமை காலையிற் கடற்கரையில் ஐந்து கிலோமீற்றர் ஓட்டம் ஒன்று நடைபெறுகின்றது. கட்டணமில்லை, பரிசுமில்லை, நடக்கிறவர்களும் சேரலாம். அங்கும் பலர் அறிமுகமாயினர். மூன்று நாட்களில் நமக்கு ஏழெட்டு நண்பர்கள்! நான்காம் நாட் காலையிலே அவர்களிற் பெரும்பாலோர் பையைத் தூக்கிக்கொண்டு கேப் டவுனுக்குப் பஸ் ஏறிவிட்டனர். ரயில் சிநேகம் என்று நம்மூரிற் சொல்வது இதனைத்தான். அதில் இனிமை உண்டு, குறை கூறுவதற்கில்லை. ஆனால் டேர்பனுக்குச் சென்று டேர்பன்வாசி எவரோடும் பழகாமல் திரும்புவதாயின், அத்தனை தூரம் போவானேன்?

இரவு வேளையில் விடுதியின் முன்மேசையிற் கடமை பார்த்தவர் ஒரு சூலு மாணவர். பகலில் பொறியியல் படிப்பவர். முதல்நாளே நமக்குச் 'சாவுபோனா' என்னும் முகமன் சொல்லைக் கற்பித்தவர். 'உம்மைக் காண்கின்றோம்' என்பது அதன் பொருள். ஒருவரே சொன்னாலும் 'நாம்' என்றே வருமாம். பத்திரிகைக்கு எழுதுவோருக்கு ஏற்ற பாஷை என்று சிரித்துக்கொண்டோம்.

ஐந்தாம் நாள் இரவு நமது கடவுச்சீட்டு இருந்த சிறு பையைக் காணவில்லை. 'இந்நகரில் எவரையும் நம்பவேண்டாம்' என்று சக பிரயாணி ஒருவர் அன்று காலையிலேதான் நமது காதில் ஓதியிருந்தார். பதறிப்போய் முன்மேசைக்கு ஓடினோம். "அறைத் திறப்பு உங்களிடந்தானே இருக்கின்றது? எங்கள் அறைக்குள் யார் போனது?" என்று கேட்டோம். மாணவர் நம்மை ஒருகணம் பார்த்தார். பின்பு விளக்கொன்றை எடுத்துக்கொண்டு வந்து, மெத்தையைப் புரட்டி, சுவருக்கும் கட்டிலுக்கும் இடையில் நாமே செருகி வைத்திருந்த பையை எடுத்துத் தந்தார். ஒரு வார்த்தையும் பேசாமல் திரும்பிச் சென்றார்.

மறுநாள் 'சாவுபோனா' இல்லை.

மாலையில் மன்னிப்புக் கேட்கச் சென்றோம். அவர் கோபிக்கவில்லை. "பகலிலே இந்த மேசையில் இருப்பவர் வெள்ளையர். அவரிடம் அவ்வாறு கேட்டிருப்பீர்களா?" என்றுமட்டும் வினவினார். பொய் சொல்ல நா எழவில்லை. "கேட்டிருக்கமாட்டோம்" என்றோம். அவர் தலையசைத்துவிட்டுப் புத்தகத்தைத் திறந்தார். அவ்வளவுடன் நமது நட்பு முடிந்ததென்றே எண்ணினோம்.

அடுத்த நாள் பிற்பகல் மழை பிடித்துக்கொண்டது. விடுதியின் நீர்க்குழாய்களைப் பழுதுபார்க்க வரும் முதியவர் ஒருவர் வீடு செல்ல இயலாமல் விறாந்தையிற் குந்தியிருந்தார். இந்திய வமிசத்தவர், எழுபதைத் தாண்டியவர். மாணவர் ஒரு கடதாசிக் கட்டைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். ஜேர்மனிய மாணவியொருத்தி மூன்றாவதாக அமர்ந்தாள். "நான்காம் கை வேண்டும், வருகிறீர்களா?" என்று மாணவர் நம்மைக் கேட்டார்.

ஆட்டத்தின் பெயர் 'துணி' என்றார்கள். நமக்குப் புரியவில்லை. சீட்டுக்களைப் பங்கிட்ட பின்னரே கண் திறந்தது. ஜாக் முப்பது, ஒன்பது இருபது, ஏஸ் பதினொன்று, பத்துக்குப் பத்து, ராசா மூன்று, ராணி இரண்டு! இது நமது முந்நூற்றுநாலு அல்லவா? யாழ்ப்பாணத்துத் திண்ணைகளிலே இரவிரவாக ஆடிய அதே ஆட்டம். நாம் முப்பத்திரண்டு சீட்டுக்களில் ஆளுக்கு எட்டாக ஆடுகின்றோம். அவர்கள் இருபத்துநான்கில் ஆளுக்கு ஆறாக ஆடுகின்றார்கள். ஏழுக்கும் எட்டுக்கும் பெறுமதி இல்லையாதலால் இரண்டிலும் மொத்தம் முந்நூற்றுநான்கே. ஆறு சுற்றையும் தாம் ஒருவரே வெல்வதாகச் சூளுரைப்பவர் ஆட்டத்தின் பெயரைக் கூவவேண்டும். அது நமது 'தண்ணி' என்ற சொல்லின் திரிபு என்பாரும் உளர்.

1860 ஆம் ஆண்டு நவம்பர் 16 ஆந் திகதி சென்னையிலிருந்து 'ட்றூரோ' என்னும் கப்பல் 342 பேரை இந்நகரில் இறக்கியது. கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக 1911 வரையில் இவ்வாறு வந்தோர் ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்டவர். முதியவரின் பாட்டனாரும் அவர்களுள் ஒருவர். அவருக்குத் தமிழ் பேச வராது. தாத்தா, ஆயா, பெரியம்மா, ரசம் ஆகிய சில சொற்களே எஞ்சியுள்ளன. துரும்பு வெட்டும்போது மேசையில் ஓங்கி அடிக்கும் பழக்கம் மட்டும் மூலத்துக்குச் சிறிதும் மாறவில்லை.

மாணவர் இவ்வாட்டத்தை எங்கே கற்றார்? "பள்ளிக்கூடத்தில், இந்தியப் பையன்களிடம்" என்றார். அவருடைய வீடு இனண்டாவில். முதியவருடையது அதற்கு அயலில் உள்ள பீனிக்ஸில். அவ்விரு பெயர்களையும் அருகருகே கேட்கும் டேர்பன்வாசி சற்று மௌனமாவார். 1949 ஜனவரியில் ஆபிரிக்கருக்கும் இந்தியருக்கும் இடையே மூண்ட கலவரத்தில் 142 பேர் மாண்டனர். 2021 ஜூலையில் நாட்டில் கொள்ளையும் தீவைப்பும் நிகழ்ந்தபோது, பீனிக்ஸில் தடையிட்டு நின்றோர் கைகளில் கறுப்பின மக்கள் முப்பதுக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். "அந்த வாரம் என் தாயார் என்னை வாசலுக்கும் விடவில்லை" என்றார் மாணவர். முதியவர் சீட்டுக்களை அடுக்கியபடியே, "என் மகன் தடையில் நின்றான், வீட்டுக்கு வரும்படி சொன்னேன், கேட்கவில்லை" என்றார். நாடு வேறாயினும், அயலவர் அயலவருக்கு அஞ்சிய நாட்கள் நமக்குப் புதியனவல்ல. நாமும் வாய் திறக்கவில்லை. ஜேர்மனியப் பெண்தான் "யாருடைய முறை?" என்று கேட்டாள். "அங்கிளுடைய முறை" என்றார் மாணவர்.

அன்றிரவு 'பனி சௌ' வாங்கி உண்டோம். பாணின் நடுவைத் தோண்டி ஆட்டிறைச்சிக் கறியை நிரப்பித் தருவது. டேர்பன் இந்தியரின் கைவண்ணம். நால்வருக்கு இரண்டு அரைப் பாண் போதும். கையால் உண்ண ஜேர்மனியப் பெண் பட்ட பாட்டை எழுதினால் இக்கட்டுரை நீளும்.

புறப்படுவதற்கு முதல்நாள் ஞாயிற்றுக்கிழமை. நால்வருமாகக் கடற்கரைக்குச் சென்றோம். 1953 இன் சட்டமொன்று இக்கரையையும் இனவாரியாகப் பங்கிட அனுமதித்தது. நல்ல மணலும் காவலும் உள்ள பகுதிகள் வெள்ளையருக்கே என்று பலகைகள் நின்றன. 1989 நவம்பரில் ஜனாதிபதி டி கிளார்க் எல்லாக் கடற்கரைகளும் எல்லாருக்கும் திறக்கப்படுமென அறிவித்தார். "அந்த வாரம் மனைவியையும் பிள்ளைகளையும் இங்கே கூட்டிவந்தேன். பிள்ளைகள் ஓடிவிட்டார்கள். நான் இந்தச் சுவரருகில் சப்பாத்தோடு நின்றேன். இறங்க மனம் வரவில்லை" என்றார் முதியவர். மாணவர் பிறந்தது அதற்கு வெகு காலத்தின் பின். அவர் வியப்புடன் கேட்டுக்கொண்டிருந்தார். பின்பு தமது சப்பாத்தைக் கழற்றி, முதியவருடையதையும் வாங்கிச் சுவர்மேல் வைத்தார். இருவரும் காற்சட்டையை முழங்கால்வரை மடித்துக்கொண்டு நடந்தனர். நாம் சப்பாத்துக்களுக்குக் காவலிருந்தோம்.

விமானநிலையத்துக்குப் புறப்படுகையில், "கடவுச்சீட்டு இருக்கிறதா? சுவரோரம் பார்த்தீர்களா?" என்று கேட்டார் மாணவர். முகத்திலே சிரிப்பு இருந்தது.

ஊர் திரும்பி இரு மாதங்களின் பின் அவரிடமிருந்து கைத்தொலைபேசியில் ஒரு செய்தி வந்தது. ஜேர்மனியப் பெண்ணும் போய்விட்டாளாம். மூன்றாம் கைக்குப் பகல் ஊழியரைப் பிடித்து அமர்த்தியிருக்கிறாராம். அவருக்கு ஜாக் ஏஸை வெல்லும் என்பது இன்னும் மனத்திற் படியவில்லையாம். அங்கிள் மேசையை அடித்து உடைக்கப் போகிறாராம். நான்காம் கை காலியாகவே இருக்கிறது, எப்போது வருகிறீர்கள் என்று கேட்டிருந்தார்.