அட்லஸ் மலையில் ஒரு பகல்

மொராக்கோ நாட்டின் இருப்புப்பாதை தெற்கே மராக்கெஷ் நகரத்தோடு முடிந்துவிடுகிறது. வடகோடியிலுள்ள டாஞ்சியரிலிருந்து காஸாபிளாங்கா வரை 2018 முதல் அதிவேக ரயில் ஓடுகிறது. ஆயினும் மராக்கெஷுக்குத் தெற்கே தண்டவாளம் கிடையாது. அப்பால் அட்லஸ் மலை மதில்போல் நிற்கிறது. ரயில்வே குமாஸ்தாவாகிய என் கண்ணில் முதலில் பட்டது இதுவே. என் மைத்துனர் காஸாபிளாங்காவில் பணியிலிருப்பதால் அந்நாட்டைக் காணும் வாய்ப்பு எங்கள் குடும்பத்துக்குக் கிட்டியது. அதில் ஒரு நாளைப் பற்றி மட்டும் இங்கே எழுதுகிறேன்.

‘ஒரே நாளில் பாலைவனம், மலை, பெர்பெர் கிராமம்’ என்று மராக்கெஷில் தெருவுக்குத் தெரு அழைக்கிறார்கள். அன்பர்கள் ஒன்றை நினைவில் வைத்தல் நலம். இதில் வரும் பாலைவனம் சகாரா அன்று. மெர்ஸூகாவின் மணற்குன்றுகளைக் காண வேண்டுமாயின் மலையைக் கடந்து 500 கிலோமீட்டருக்கு மேல் செல்ல வேண்டும். ஒரு பகலில் அது நடவாது. ஒரு நாள் பயணத்தில் காட்டப்படுவது, நகருக்குத் தென்மேற்கே சுமார் 30 கிலோமீட்டரில் உள்ள அகஃபாய் என்னும் கற்பாலை. மணலை எதிர்பார்த்து வந்த சிலர் முகம் சுளித்தார்கள். எனக்கு அது குறையாகப் படவில்லை. நம் முன்னோர் பாலை என்றதும் மணற்காட்டை அன்று, வறண்டு திரிந்த நிலத்தைத்தானே! மஞ்சள் படிந்த மேடுகள் அலையலையாகச் செல்ல, அவற்றின் முடிவில் பனி மூடிய சிகரங்கள் தெரிந்தன. ஒட்டகச் சவாரிக்குப் பத்து நிமிடம் போதும். அதிகமானால் இடுப்பு பொறுக்காது.

அகஃபாயை விட்டு, அஸ்னி என்னும் சந்தை ஊர் வழியாக வண்டி மலையேறியது. மராக்கெஷிலிருந்து இம்லில் சிற்றூர் ஏறக்குறைய 65 கிலோமீட்டர். கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 1,740 மீட்டர். வட ஆப்பிரிக்காவிலேயே உயரமான தூப்கால் சிகரத்துக்கு ஏறுவோர் இங்கிருந்துதான் புறப்படுகிறார்கள். அதன் உயரம் 4,167 மீட்டர். நமது தொட்டபெட்டா 2,637 மீட்டர் என்பதோடு ஒப்பிட்டுக் கொள்ளலாம். பள்ளத்தாக்கில் வாதுமைக்கொட்டை எனப்படும் வால்நட் மரங்களும், ஆப்பிள், செர்ரித் தோட்டங்களும் படிப்படியாக அமைந்துள்ளன. பனி உருகி வரும் நீரைச் சிறு வாய்க்கால்களில் திருப்பி வயலுக்கு வயல் பங்கிட்டுக் கொள்கிறார்கள். கார் போகாத சந்துகளில் சுமைகளைக் கோவேறு கழுதைகளே தூக்கிச் செல்கின்றன.

இம்மக்களைப் பெர்பெர் என்பது அயலார் இட்ட பெயர். தங்களை அவர்கள் இமாஸிகன் என்றே சொல்லிக் கொள்கிறார்கள்; சுதந்திர மக்கள் என்று அதற்குப் பொருள் கூறுவர். இப்பகுதியில் பேசப்படுவது தஷெல்ஹித் மொழி. 2011-ஆம் ஆண்டு அரசியலமைப்பில்தான் அமாஸிக் மொழி அரபியோடு ஆட்சிமொழி என்னும் தகுதி பெற்றது. திஃபினாக் என்னும் பழைய எழுத்தைப் பள்ளிப் பலகைகளில் கண்டோம். வட்டமும் கோடுமாகக் கோலம் போட்டாற்போல் இருக்கிறது.

பகலுணவு ஒரு மலைவீட்டில். மரக்கறி மட்டும் உண்போர் அஞ்ச வேண்டாம். கூம்பு மூடியிட்ட மண்சட்டியில் காய்கறியை வேகவைத்துத் தருகிறார்கள். முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். பிறகு புதினா இட்ட பச்சைத் தேநீர். அதன் இனிப்பு நம் நாக்குக்கே சற்று அதிகம்.

அவ்வீடு எங்கள் வழிகாட்டியின் தாய் வீடு. அவரோ பிழைப்புக்காக மராக்கெஷில் குடியிருக்கிறார். அன்று பள்ளி விடுமுறையாதலால் தம் மகனையும் உடன் அழைத்து வந்திருந்தார். பாட்டி தஷெல்ஹித்தில் ஏதோ கேட்க, சிறுவன் அரபியில் பதிலளித்தான். பாட்டிக்கு அரபி சரியாகத் தெரியாது. மகன் நடுவில் நின்று இருவருக்கும் மொழிபெயர்த்தார். என் மனைவி என்னைப் பார்த்தாள். எங்கள் பிள்ளைகள் ஊருக்குப் போனால் தாத்தாவிடம் இந்தியில் பதில் சொல்வது இருவருக்கும் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். “கேட்டால் புரிகிறது, பேச மறுக்கிறான், அதனால்தான் மாதம் ஒரு முறையாவது அழைத்து வருகிறேன்” என்றார் அவர்.

வீட்டின் பின்சுவர் புதிய சிமெண்ட் கல்லால் ஆனது. மற்ற மூன்றும் மண்ணும் கல்லும். 2023 செப்டம்பர் 8 இரவு 11 மணிக்குமேல் நேர்ந்த 6.8 அளவுப் பூகம்பத்தில் பழைய பின்சுவர் விழுந்துவிட்டது. அன்று அந்நாட்டில் 2,900-க்கு மேற்பட்டோர் மாண்டனர். மண்சுவர் சரியும்போது தூளாகி இடைவெளியின்றி மூடிக் கொள்வதால், அடியில் அகப்பட்டோர் பிழைப்பது அரிது. முழுதும் இடிந்த வீட்டுக்கு 1,40,000 திர்ஹமும், ஓரளவு சேதமுற்றதற்கு 80,000 திர்ஹமும் அரசு உதவியாக அறிவித்தது. ஆயினும் மண்வீடு கோடையில் குளிர்ச்சி, குளிர்காலத்தில் கதகதப்பு. சிமெண்டு இரண்டிலும் நேர்மாறு. பாட்டி இன்னமும் மண்சுவர் அறையிலேயே உறங்குகிறாராம். மகன் எவ்வளவு சொல்லியும் கேட்பதில்லை.

இடிந்த வீடுகளைப் படமெடுக்க எங்களோடு வந்த ஒருவர் இறங்க முயன்றார். வழிகாட்டி அமைதியாகத் தடுத்துவிட்டார். அது சரியே.

செல்ல விரும்புவோர் உரிமம் பெற்ற வழிகாட்டியை அமர்த்துவதும், கிராமத்து வீட்டிலேயே உண்டு பணத்தை அங்கேயே கொடுப்பதும் நல்லது. வெயில் காலத்திலும் குழந்தைகளுக்கு ஒரு கம்பளிச் சட்டை வேண்டும். நாங்கள் இறங்குகையில் நான்கு மணிக்கே பள்ளத்தாக்கில் நிழல் விழுந்து குளிரத் தொடங்கியிருந்தது. சிறுவன் முன்னிருக்கையில் உறங்கிவிட்டான். அவன் மடியில் பாட்டி கட்டிக் கொடுத்த வால்நட் மூட்டை.