பாட்டியின் ஒட்டுப்பாலும் மணிலா விருதும்

ஆகஸ்ட் 31 நமக்குத் தேசிய தினம். பிலிப்பைன்ஸ் அதிபர் ரமோன் மகசேசே பிறந்ததும் அதே தேதியில்தான். 1957 மார்ச்சில் அவர் விமான விபத்தில் இறந்த பிறகு, அவர் பெயரில் ஒரு விருது உருவானது. ஆசிய மக்களுக்காக உழைத்தவர்களுக்கு 1958 முதல் வழங்கப்படும் இதை ‘ஆசியாவின் நோபல்’ என்பார்கள். 1960இல் நம் துங்கு அப்துல் ரஹ்மான் பெற்றார், 1974இல் எம்.எஸ். சுப்புலட்சுமி.

இடையில், 1973இல், அரசுப் பணிக்காகப் பெற்ற ஒரு மலேசியரை உங்களுக்குத் தெரியுமா? பி.சி. சேகர். பள்ளிப் பாடப்பணிக்காகத் தேடும் வரை எனக்கும் தெரியாது.

1929இல் உலு பூலோ ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். வேதியியல் படித்து, ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்தின் முதல் மலேசிய இயக்குநரானார். அக்கழகத்தின் சுங்கை பூலோ பரிசோதனைத் தோட்டம் இருந்த இடம் எங்கள் செலாயாங்கிலிருந்து தொலைவில்லை.

அப்போது செயற்கை ரப்பர் சந்தையைப் பிடித்துக்கொண்டிருந்தது. நம் ரப்பர் ஷீட்டையோ கண்ணால் பார்த்துத்தான் தரம் பிரித்தார்கள். 1965இல் வந்த எஸ்.எம்.ஆர். தரமுறை அதை மாற்றியது. ரப்பரில் எத்தனை விழுக்காடு அழுக்கு, சாம்பல் என ஆய்வுக்கூடத்தில் அளந்து, கட்டியாக்கி விற்றார்கள். அதன் பின்னணியில் முன்னின்றவர் சேகர்.

இதை என் பாட்டியிடம் வாசித்துக் காட்டினேன். ரவாங் பக்கம் பால் மரம் வெட்டியவர்.

“ஒட்டுப்பால்ல மண்ணு, பட்டை இருந்தா கங்காணி திட்டுவாரு. ஒண்ணொண்ணா பொறுக்கிப் போடுவோம். அந்த விருதுல எங்களப் பத்தி ஏதாச்சும் எழுதியிருக்கா, ஐயா?”

என்னிடம் பதில் இல்லை.

அன்றிரவு யோசித்தேன். ஆய்வுக்கூடம் விழுக்காட்டில் அளந்த அதே அழுக்கைத்தான் பாட்டி விடியற்காலையில் விரலால் பொறுக்கியிருக்கிறார். சேகரின் கணக்கு இல்லாமல் நம் ரப்பருக்கு நம்பிக்கையான விலை இல்லை. பாட்டியின் விரல் இல்லாமல் அந்தக் கணக்கும் நிற்காது.

அரையாண்டுத் தேர்வில் வேதியியலில் தோற்று, அதை விட்டுவிட நினைத்திருந்தேன். இப்போது விடவில்லை. தோட்டத்தில் பிறந்தவருக்கு அந்தப் பாடம் கைகொடுத்திருக்கிறதே!

பாடப்பணியில் சேகரைப் பற்றி மூன்று பக்கம் எழுதினேன். நான்காவது பக்கத்தில், பாட்டி சொல்லச் சொல்ல, அவருடைய ஒரு நாள் வேலையை எழுதிச் சேர்த்தேன்.

நண்பர்களே, உங்கள் வீட்டிலும் தோட்டத்தில் உழைத்த ஒருவர் இருப்பார். அந்த நான்காவது பக்கத்தை அவரிடம் கேட்டு எழுதிவிட்டீர்களா?