வண்டி இருக்கிறது, நிறுத்த இடம் வேண்டும்

கேரவன் என்றதும் படப்பிடிப்பில் நட்சத்திரங்கள் இளைப்பாறும் வண்டிதான் நம் நினைவுக்கு வரும். நார்வே, ஸ்வீடன், டென்மார்க் நாடுகளில் அது நடுத்தரக் குடும்பத்தின் கோடைக்கால வீடு. படுக்கை, கேஸ் அடுப்பு, சின்னக் கழிப்பறை, நல்ல தண்ணீருக்கு ஒரு தொட்டி, கழிவுநீருக்கு இன்னொரு தொட்டி எனச் சகலமும் ஏற்றிக்கொண்டு, கடலோரச் சிற்றூர்கள் வழியே மெதுவாகப் போகிறார்கள். நம் பக்கமும் இந்த ஆசை வந்துவிட்டது. கேரள அரசு 2021இல் கேரவன் சுற்றுலாக் கொள்கையை அறிவித்தது. தமிழ்நாட்டின் 2023ஆம் ஆண்டுச் சுற்றுலாக் கொள்கையிலும் கேரவனுக்கு இடம் உண்டு. இருந்தும் பொதுவெளியில் நடக்கும் பேச்செல்லாம் வண்டியின் சொகுசைச் சுற்றியே இருக்கிறது. அந்த நாடுகளிடம் நாம் கற்க வேண்டியது, வண்டி நிற்கும் இடத்தை ஊர் எப்படிக் கவனித்துக்கொள்கிறது என்பதைத்தான். அதைச் செய்து பார்க்க விருத்தாசலத்திலிருந்து தரங்கம்பாடி வரையுள்ள வழி மிகப் பொருத்தமானது.

அங்கே நடைமுறை எளிமையானது. ஸ்வீடனிலும் நார்வேயிலும் பல சிறு துறைமுகங்கள் படகுகளுக்கு ஒதுக்கிய இடத்தை ஒட்டியே மோட்டார் ஹோம் எனப்படும் இந்த வண்டிகளுக்கும் இடம் ஒதுக்குகின்றன. ஓர் இரவுக்குக் கட்டணம் செலுத்தினால் தண்ணீர், மின் இணைப்பு, கழிவைக் கொட்டும் வசதி, குளியலறை ஆகியவை கிடைக்கும். பணம் துறைமுகத்துக்குப் போகிறது. மீனும் ரொட்டியும் வாங்கும் செலவு ஊர்க் கடைகளுக்குப் போகிறது. இந்த ஏற்பாடு இல்லாத இடத்தில் என்ன ஆகும் என்பதற்கும் அங்கேயே சான்று உண்டு. நார்வேயின் 1957ஆம் ஆண்டுச் சட்டம் திறந்த நிலத்தில் யாரும் நடக்கவும் கூடாரம் போடவும் உரிமை தருகிறது. வீடுகளிலிருந்து 150 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும் என்பது விதி. மோட்டார் வண்டியைக் கண்ட இடத்தில் ஓட்டிப்போக அந்த உரிமை இடம் தருவதில்லை. ஆனாலும் லோஃபோட்டன் தீவுகளில் பயணிகள் பெருகியபோது வண்டிகள் சாலையோரங்களை அடைத்தன. குப்பையும் மனிதக் கழிவும் ஊராரைக் கொதிப்படையச் செய்தன. தடைப் பலகைகளால் மட்டும் இதைத் தீர்த்துவிட முடியாது. கட்டணத்துடன் கூடிய தங்குமிடங்களும் கழிவகற்றும் நிலையங்களும் சேர்ந்தால்தான் ஒழுங்கு வரும்.

இப்போது நம் சாலையைப் பார்ப்போம். வாடகை வேனில் அரிசி, பருப்பு, பாத்திரம், அடுப்பு சகிதம் இருபது பேர் கிளம்பி, வழியில் சமைத்துச் சாப்பிட்டு, கோயில் கோயிலாகப் போவது தமிழ்க் குடும்பங்களின் பழக்கம். வைத்தீஸ்வரன்கோயில், திருவெண்காடு, கீழப்பெரும்பள்ளம், திருநள்ளாறு என்று நவக்கிரகத் தலங்களுக்கும், வேளாங்கண்ணிக்கும், நாகூருக்கும் இப்படித்தான் போகிறார்கள். நம்முடைய மோட்டார் ஹோம் இந்த வேன்தான். அதை நிறுத்திச் சமைக்க ஓரிடமும், நல்ல தண்ணீரும், பெண்கள் கூச்சமின்றிப் போகக்கூடிய கழிப்பறையும்தான் வழியில் அரிதாக இருக்கின்றன. ஆகவே புளியமரத்தடியில் அடுப்பு மூட்டுகிறார்கள். எச்சில் இலையும் குப்பையும் அங்கேயே கிடக்கின்றன. தஞ்சை மராட்டிய மன்னர்கள் ராமேசுவரம் போகும் வழியில் சத்திரங்கள் கட்டியபோது இதே தேவையைத்தான் உணர்ந்திருந்தார்கள். சாலை அகலமானது, சத்திரம் மட்டும் மறைந்துபோனது.

விருத்தாசலம் நான்கு திசை ரயில் தடங்கள் கூடும் சந்திப்பு. வெளியூரார் ரயிலில் வந்து இறங்கி, வாடகை வண்டி எடுத்து, பழமலைநாதரைத் தரிசித்து, பீங்கான் பட்டறைகளில் பொம்மைகள் அச்சில் வார்க்கப்பட்டுச் சூளையில் வெந்து வருவதைப் பார்த்துவிட்டுக் கிளம்பலாம். அங்கிருந்து சிதம்பரம், பிச்சாவரம் சதுப்புநிலக் காடு, பரங்கிப்பேட்டை, பூம்புகார், தரங்கம்பாடி என வழி விரிகிறது. மொத்தத்தில் நீண்ட தூரமில்லை. இந்தக் கரைக்கு ஸ்காண்டிநேவியத் தொடர்பும் பழையது. தஞ்சை ரகுநாத நாயக்கருடன் 1620இல் உடன்பாடு செய்துகொண்டு டேனியர்கள் தரங்கம்பாடியில் டேன்ஸ்போர்க் கோட்டையைக் கட்டினார்கள். 1845இல்தான் ஊரை ஆங்கிலேயருக்கு விற்றார்கள். ஸ்வீடன் கிழக்கிந்தியக் கம்பெனி 1733இல் பரங்கிப்பேட்டையில் கிடங்கு போட, சில வாரங்களிலேயே ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் சேர்ந்து அதைத் தாக்கிக் கைப்பற்றினர். இவ்வளவு வரலாறு உள்ள ஊர்களைப் போகிற போக்கில் பார்த்துவிட்டு இருட்டுமுன் திரும்பிவிட்டால், அந்த ஊர்களுக்கு டீக்கடை வருமானத்துக்கு மேல் என்ன மிஞ்சும்?

கேரவன் பயணம் பணக்காரர் பொழுதுபோக்கு என்பார்கள். சொகுசு கேரவனுக்கு மட்டும் இடம் ஒதுக்கினால் அந்தக் குற்றச்சாட்டு சரி. வேனுக்கும் டெம்போ டிராவலருக்கும் அதே தண்ணீர்க் குழாயும் சமையல் கொட்டகையும் கிடைத்தால் பயனடைவது சாதாரண மக்களே. வெயிலில் வண்டிக்குள் எப்படித் தூங்குவது என்பது நியாயமான கேள்வி. ஸ்காண்டிநேவியாவிலும் பருவம் பெரும்பாலும் ஜூன் முதல் ஆகஸ்ட் வரைதான். மற்ற மாதங்களில் குளிரும் இருட்டும். நமக்கு வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த ஜனவரி, பிப்ரவரி மாதங்கள் உகந்தவை. பொங்கல் விடுமுறையும் அப்போதுதான் வருகிறது.

மீனவர்களின் ஆட்சேபமே எல்லாவற்றிலும் கனமானது. கடற்கரை அவர்களுக்கு வலை உலர்த்தும் களம், படகு ஏற்றும் இடம், ஏலம் நடக்கும் சந்தை. சுற்றுலா என்ற பேரில் அதைப் பிடுங்கக் கூடாது. 2004 டிசம்பர் ஆழிப்பேரலையும் 2011 டிசம்பரில் கடலூர்ப் பக்கம் வீசிய தானே புயலும் கரையில் நிரந்தரக் கட்டடம் எழுப்பும் துணிச்சலுக்கு எச்சரிக்கைகள். ஆகவே நிறுத்துமிடம் மணலில் கூடாது. ஊருக்குள், சாலையை ஒட்டிய மேட்டுநிலத்தில் இருக்கட்டும். இடத்தை ஊர்ப் பஞ்சாயத்தாருடன் பேசி முடிவு செய்ய வேண்டும். கழிவை அகற்றுவது பேரூராட்சியின் பொறுப்பாகவும், அன்றாட நிர்வாகம் மகளிர் சுயஉதவிக் குழுவின் கையிலும் இருக்கலாம். அந்தப் பெண்கள் சமைக்கும் மீன்குழம்புக்கும், விருத்தாசலத்துப் பீங்கான் பொம்மைக்கும் அங்கேயே கடை போடலாம்.

இதற்குப் பெரிய முதலீடு வேண்டியதில்லை. சமதளமான ஓர் ஏக்கர் நிலம், குடிநீர்க் குழாய், கழிவுநீர் இறக்கும் தொட்டி, விளக்கு, கழிப்பறை, காவல் ஆகியவை இருந்தால் போதும். விருத்தாசலம், பரங்கிப்பேட்டை, தரங்கம்பாடி மூன்றிலும் ஒவ்வொன்று அமைத்து ஒரு பருவம் நடத்திப் பார்க்கட்டும். வசூலான கட்டணம் எவ்வளவு, அதில் ஊருக்குச் செலவானது எவ்வளவு என்ற கணக்கை எல்லோரும் பார்க்கும்படி அந்தந்த உள்ளாட்சி அலுவலக வாசலில் ஒட்டட்டும். விருந்தாளியால் தன் தெருவுக்கு விளக்கும் தண்ணீரும் வந்தது என்று கண்ணால் கண்ட ஊர், அடுத்த வண்டியைத் தானே அழைக்கும்.