அப்பாரும் அப்புச்சியும் கிராண்ட்பாவும்

மாணவி ஒருத்தி, ‘என் கோடை விடுமுறை’ என்று ஆங்கிலத்தில் கட்டுரை எழுதுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். காங்கேயத்தில் அப்புச்சி வீட்டில் பத்து நாள் தங்கினாள். பல்லடத்தில் அப்பாரு தோட்டத்தில் ஐந்து நாள் இருந்தாள். இருவருக்கும் அவள் எழுதுவது ‘கிராண்ட்ஃபாதர்’ என்ற ஒரே சொல்தான். படிக்கும் ஆசிரியைக்கு, ஒரே கிழவர் இரண்டு ஊரில் குடியிருப்பதாகத் தோன்றினால் வியப்பில்லை!

கொங்கு நாட்டிலே தந்தையைப் பெற்றவர் அப்பாரு. அப்பாரய்யன் என்பாரும் உண்டு. தாயைப் பெற்றவர் அப்புச்சி. வாய்க்கு வாய் அப்பிச்சி என்றும் ஒலிக்கும். அவர்களுக்குத் துணையாக அப்பத்தாவும் அமுச்சியும் இருக்கிறார்கள். கோவை பல மொழியினர் வாழும் ஊராதலால், தெலுங்கும் கன்னடமும் பேசும் வீடுகளில் வேறு சொற்கள் வழங்கும். ‘தாத்தா’ எல்லோருக்கும் பொதுவாகிவிட்டது.

இரண்டு தாத்தாக்களுக்கு ஏன் இரண்டு பெயர்? கொங்கு வேளாளர் குடும்பங்களை எடுத்துக்கொண்டால் காரணம் எளிதில் விளங்கும். ஒரே கூட்டத்தைச் சேர்ந்தவர்கள் தமக்குள் மணம் செய்துகொள்வதில்லை, அவர்கள் பங்காளிகள். ஆகவே அப்பாரு நம் கூட்டத்தவர், அப்புச்சி வேறொரு கூட்டத்தவர். அப்பாருவின் வீடு காடு தோட்டத்துக்குப் பாத்தியம் உள்ள வீடு. அப்புச்சியின் வீடோ மாமன் வீடு. காது குத்தினாலும் கல்யாணம் நடந்தாலும் அங்கிருந்து சீர் வரும். காங்கேயம் பகுதியில் தங்கி ஆராய்ந்த பிரெண்டா பெக் என்ற அம்மையார், 1972-இல் வெளியான தமது நூலில் கொங்கு மக்களின் இத்தகைய உறவுமுறைகளை விரிவாக எழுதியிருக்கிறார். ‘அப்புச்சி’ என்று ஒரு குழந்தை கூப்பிடும்போது, அவர் எந்தப் பக்கத்து உறவு என்பதைக் கேட்பவர் உடனே அறிந்துகொள்வார்.

ஆங்கிலத்திலோ இந்தப் பிரிவினை இல்லை. பள்ளிப் படிவங்களிலும் பத்திரங்களிலும் ‘பேட்டர்னல்’, ‘மேட்டர்னல்’ என்ற அடைகளைச் சேர்த்து எழுதுவர். சாப்பாட்டு மேசையில் அப்படி யாரும் பேசமாட்டார்கள். வீட்டிலே செல்லமாக அழைக்கும் சொற்கள் வேறு. ‘கிராண்ட்பா’ எல்லா ஆங்கில நாடுகளுக்கும் பொது. ‘கிராண்டாட்’ இங்கிலாந்தில் மிகுதி. அதை நடுவே ஒரு ‘டி’ போட்டும் இரண்டு ‘டி’ போட்டும் எழுதுவர், இரண்டும் சரியே. ‘கிராம்ப்ஸ்’ பெரும்பாலும் அமெரிக்க வழக்கு. அதில் சற்று விளையாட்டுத் தொனி உண்டு. ஆஸ்திரேலியாவில் பல வீடுகளில் ‘பாப்’ என்றாலே தாத்தாதான். இரண்டு தாத்தாக்களும் ஒரே ஊரில் இருந்துவிட்டால், ஒருவரைக் கிராண்ட்பா என்றும் மற்றவரைக் கிராண்டாட் என்றும் அழைப்பார்கள். அல்லது பெயரைச் சேர்த்து ‘கிராண்ட்பா ஜான்’ என்பார்கள். நம் வீட்டில் பாட்டன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் என்ன நடக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை!

எழுதும்போது ஒன்றைக் கவனியுங்கள். பெயரைப்போல நேரடியாக அழைத்தால் முதல் எழுத்து பெரிய எழுத்து: ‘டியர் கிராண்ட்பா’. ‘மை’ என்ற சொல் முன்னால் வந்துவிட்டால் சிறிய எழுத்தே போதும். தேர்வுத் தாளில் மதிப்பெண் போவது பெரும்பாலும் இங்கேதான். கட்டுரையிலும் விண்ணப்பத்திலும் ‘கிராண்ட்ஃபாதர்’ என்றே எழுதுக. ‘கிராம்ப்ஸ்’ அங்கே பொருந்தாது.

இன்னொன்று இதைவிட முக்கியம். பேருந்திலே ஒரு முதியவருக்கு இடம் கொடுக்கும்போது, “உட்காருங்க தாத்தா” என்கிறோம். அது மரியாதை. முன்பின் அறியாத வெள்ளைக்காரப் பெரியவர் ஒருவரைக் ‘கிராண்ட்பா’ என்று அழைத்தால், தம் வயதைக் கேலி செய்வதாக அவர் எண்ணக்கூடும். அங்கே ‘சார்’ என்பதே தகும். “ஏனுங்க அப்புச்சி, சாப்பிட்டீங்களா?” என்பதில் உள்ள நம் ‘ங்க’வுக்கும் ஆங்கிலத்தில் இடமில்லை. பாட்டனுக்கும் பேரனுக்கும் ஒரே ‘யூ’தான், மரியாதையைக் குரலில் காட்டிக்கொள்ள வேண்டும்.

தமிழுக்குள்ளேயே இச்சொற்கள் ஊருக்கு ஊர் மாறுவது வேடிக்கை. செட்டிநாட்டில் தந்தையின் தந்தையை ‘ஐயா’ என்பர். நம் கொங்கிலோ ‘ஐயன்’ என்றால் பல வீடுகளில் தகப்பனார். இலங்கையில் சிங்களவர் தந்தையைத்தான் ‘தாத்தா’ என்கிறார்கள். யாழ்ப்பாணத் தமிழில் ‘பேரன்’ என்பது பாட்டனாரையே குறிக்கும். பாட்டன் பெயரைப் பேரனுக்கு இடும் வழக்கத்தால் ‘பெயரன்’ என்ற சொல் பிறந்தது; ஒரே பெயரைத் தாங்கும் இருவரில் யாருக்கும் அது பொருந்துகிறது அல்லவா?

இன்று நகரத்துப் பிள்ளைகள் பலர் இரு பக்கத்தாரையும் ‘தாத்தா’ என்றே சொல்லி, ‘ஊர்த் தாத்தா’, ‘கோயமுத்தூர்த் தாத்தா’ என்று பிரித்துக்கொள்கிறார்கள். இருந்த இரண்டு சொற்களை விட்டுவிட்டு, இல்லாத இரண்டைத் தேடுவானேன் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆங்கிலத்தில் எழுதுவதற்காகவும் அவற்றை விட வேண்டியதில்லை. பிரிட்டனின் வேல்ஸ் நாட்டில் வடக்கே ‘டைட்’ என்றும் தெற்கே ‘டாட்கீ’ என்றும் தாத்தாவைச் சொல்வார்கள். வீட்டில் ஆங்கிலம் பேசும் பிள்ளைகளும் அச்சொற்களை அப்படியே வைத்திருக்கிறார்கள். நாமும் முதல் முறை வரும் இடத்தில் ‘அப்புச்சி’ என்பதை ஆங்கில எழுத்தில் எழுதி, ஒரு கால்புள்ளி இட்டு, ‘மை மதர்ஸ் ஃபாதர்’ என்று விளக்கிவிடலாம். அடுத்த வரியிலிருந்து அப்புச்சி என்றே எழுதலாம்.