தடுப்பூசியில் தனிமனித உரிமையும் சமூகப் பொறுப்பும்

கொள்ளைநோய்க் காலத்தில் தடுப்பூசி போட்டுக்கொள்வதா, வேண்டாமா என்று முடிவு செய்யும் உரிமை ஒருவருக்கு எந்த அளவுக்கு உண்டு? பிறரைக் காப்பதற்காக அந்த உரிமையில் அரசு எந்த அளவுக்குத் தலையிடலாம்? இவை பொதுச் சுகாதாரத் துறையின் பழைய கேள்விகள். பெரியம்மைக் காலத்தில் எழுந்த இக்கேள்விகள் கொரோனாக் காலத்தில் மீண்டும் எழுந்தன. இந்திய உச்ச நீதிமன்றம் 2022ஆம் ஆண்டில் இவற்றுக்கு விரிவான விடை அளித்தது. தமிழ்நாட்டு அரசின் கட்டுப்பாடுகளும் அவ்வழக்கில் ஆராயப்பட்டன.

பெரம்பலூர், அரியலூர்: 2020 மே மாதம்

பெரம்பலூரும், அதிலிருந்து 2007ஆம் ஆண்டில் பிரிந்த அரியலூரும் பெரிதும் வேளாண்மையை நம்பிய மாவட்டங்கள். மக்காச்சோளம், பருத்தி, சின்ன வெங்காயம், முந்திரி ஆகியவை இப்பகுதியின் முக்கியப் பயிர்கள். அரியலூரில் சிமெண்டு ஆலைகளும் உள்ளன. உள்ளூரில் ஆண்டு முழுவதும் வேலை கிடைக்காதவர்கள் சென்னைக்கும் பிற நகரங்களுக்கும் கூலி வேலைக்குச் செல்வது வழக்கம். கோயம்பேடு காய்கறிச் சந்தையில் மூட்டை தூக்கியவர்களில் இம்மாவட்டத்தினரும் இருந்தனர்.

2020 ஏப்ரல் இறுதி வரை இவ்விரு மாவட்டங்களிலும் கொரோனாத் தொற்று மிகக் குறைவாகவே இருந்தது. கோயம்பேடு சந்தையில் தொற்று பரவியதும் அங்கு வேலை செய்தவர்கள் சொந்த ஊர்களுக்குத் திரும்பினர். மே முதல் வாரத்தில் அரியலூரில் ஒரே நாளில் நூற்றுக்கும் மேற்பட்டோருக்குத் தொற்று உறுதியானது. பெரம்பலூர், கடலூர், விழுப்புரம் மாவட்டங்களிலும் எண்ணிக்கை ஏறியது.

திரும்பி வந்தவர்கள் தவறு எதுவும் செய்யவில்லை. வேலை போன பின் வீட்டுக்கு வருவது எவருக்கும் உள்ள உரிமை. ஆனால் அவர்கள் அறியாமலேயே நோய் அவர்களுடன் வந்தது. தொற்றுநோயின் இயல்பே இதுதான். ஒருவரின் சொந்த முடிவு அவரோடு நின்றுவிடுவதில்லை; அவரைச் சந்திப்பவர்களையும் அது பாதிக்கிறது. அப்போது தடுப்பூசி இல்லாததால் தனிமைப்படுத்தலே வழியாக இருந்தது. தடுப்பூசி வந்த பின், அதை மறுக்கும் உரிமை பற்றிய கேள்வி எழுந்தது.

ஊர் வழக்கத்தில் இருந்த பொறுப்பு

பிறருக்காகத் தன் சுதந்திரத்தைச் சிறிது காலம் சுருக்கிக்கொள்வது தமிழ்நாட்டுக் கிராமங்களுக்குப் புதிதல்ல. வீட்டில் ஒருவருக்கு அம்மை கண்டால் வாசலில் வேப்பிலை செருகுவார்கள். வேப்பிலையைக் கண்டவர்கள் அவ்வீட்டுக்குள் போக மாட்டார்கள். அம்மை இறங்கித் தலைக்குத் தண்ணீர் ஊற்றும் வரை அவ்வீட்டார் விருந்துக்கோ விசேடத்துக்கோ செல்வதில்லை. அம்மன் மீதான பக்தியாக இது கடைப்பிடிக்கப்பட்டாலும், நோய் பரவாமல் தடுக்கும் பயனும் இதில் இருந்தது. இவ்வழக்கத்தை எந்த அதிகாரியும் கட்டாயப்படுத்தவில்லை. ஊரார் அதன் பொருளை உணர்ந்திருந்ததால் அது நிலைத்தது.

சட்டத்தின் வழி

அரசுகள் கட்டாயத்தையும் கையாண்டுள்ளன. பிரித்தானிய ஆட்சியில் 1880ஆம் ஆண்டின் தடுப்பூசிச் சட்டம், நகராட்சிகளிலும் படை முகாம்களிலும் குழந்தைகளுக்குப் பெரியம்மைத் தடுப்பூசியைக் கட்டாயமாக்க வழி செய்தது. 1897ஆம் ஆண்டின் கொள்ளைநோய்ச் சட்டம் அரசுக்குப் பரந்த அதிகாரம் தந்தது. சென்னை மாகாணத்தில் 1939இல் இயற்றப்பட்ட பொதுச் சுகாதாரச் சட்டம் இன்றும் தமிழ்நாட்டில் நடைமுறையில் உள்ளது.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பெரியம்மைத் தடுப்பூசியை மறுத்த ஜேக்கப்சன் என்ற பாதிரியாருக்கு 5 டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. 1905இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அந்த அபராதம் செல்லும் என்று தீர்ப்பளித்தது. அண்மைக் காலத்தில் ஆஸ்திரியா 2022 பிப்ரவரியில் பெரியவர்கள் அனைவருக்கும் கொரோனாத் தடுப்பூசியைக் கட்டாயமாக்கியது. நோயின் கடுமை குறைந்ததால் அடுத்த மாதமே சட்டத்தை நிறுத்தி வைத்து, பின்னர் நீக்கியது. சூழ்நிலை மாறினால் கட்டாயத்தின் நியாயமும் மாறும் என்பதற்கு இது ஓர் எடுத்துக்காட்டு.

தயக்கத்தின் காரணங்கள்

தடுப்பூசிக்குத் தயங்கியவர்கள் எல்லோரையும் பொறுப்பற்றவர்கள் என்று கூறுவது சரியன்று. தயக்கத்துக்குப் பல காரணங்கள் இருந்தன.

முதலாவது அச்சம். 2021 ஏப்ரல் 15 அன்று நடிகர் விவேக் சென்னையில் தடுப்பூசி போட்டுக்கொண்டு, பிறரையும் போட்டுக்கொள்ளுமாறு வேண்டினார். மறுநாள் அவருக்கு மாரடைப்பு ஏற்பட்டது. ஏப்ரல் 17 அன்று காலமானார். தடுப்பூசியே காரணம் என்ற பேச்சு ஊரெங்கும் பரவியது. ஆய்வு செய்த தேசியக் குழு, அவரது மரணத்துக்குத் தடுப்பூசி காரணமல்ல என்று பின்னர் அறிவித்தது. வதந்தி பரவிய வேகத்தில் விளக்கம் வந்து சேரவில்லை.

இரண்டாவது கூலி. ஊசி போட்ட மறுநாள் காய்ச்சலும் உடல்வலியும் வருவது இயல்பு. மாதச் சம்பளக்காரர் ஒருநாள் விடுப்பு எடுத்துக்கொள்ளலாம். களையெடுக்கப் போகும் பெண்ணுக்கோ சுமை தூக்குபவருக்கோ அது ஒருநாள் வருமான இழப்பு.

மூன்றாவது அறிவு சார்ந்த எதிர்ப்பு. 1955இல் காசநோய்க்கான பி.சி.ஜி. தடுப்பூசியை மக்களுக்குப் பெருமளவில் போடுவதை முன்னாள் முதலமைச்சர் ராஜாஜி வெளிப்படையாக எதிர்த்தார். பின்னர் 1968இல் செங்கல்பட்டுப் பகுதியில் தொடங்கிய மிகப் பெரிய கள ஆய்வில், பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை அத்தடுப்பூசி தடுக்கவில்லை எனத் தெரிந்தது. அதே சமயம், குழந்தைகளுக்கு வரும் கடுமையான காசநோய் வகைகளிலிருந்து அது காப்பதால் இன்றும் பச்சிளங்குழந்தைகளுக்குப் போடப்படுகிறது. ராஜாஜியின் வாதங்கள் அனைத்தும் சரி என்று இதற்குப் பொருளில்லை. கேள்வி கேட்பவரை அதட்டுவதைவிட ஆய்வு செய்து விடை சொல்வதே அறிவியலின் வழி என்பதே இதன் பாடம்.

தடுப்பூசியின் இரண்டு பயன்கள்

உரிமையா, பொறுப்பா என்பதைத் தீர்மானிக்கத் தடுப்பூசியின் இரண்டு பயன்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒன்று, போட்டுக்கொண்டவரைக் கடும் நோயிலிருந்தும் மரணத்திலிருந்தும் காப்பது. மற்றொன்று, அவரிடமிருந்து பிறருக்கு நோய் பரவுவதைக் குறைப்பது.

தட்டம்மைத் தடுப்பூசி இரண்டையும் சிறப்பாகச் செய்கிறது. ஏறத்தாழ 95 விழுக்காட்டினர் போட்டுக்கொண்டால், ஊசி போட முடியாத கைக்குழந்தைகளும் நோய் எதிர்ப்பாற்றல் குன்றியவர்களும் காக்கப்படுவர். கொரோனாத் தடுப்பூசிகள் முதல் பயனைப் பெருமளவு தந்தன. இரண்டாம் பயன், ஒமைக்ரான் போன்ற புதிய திரிபுகள் வந்தபோது வெகுவாகக் குறைந்தது.

பரவலைத் தடுக்கும் ஆற்றல் கூடினால் பிறருக்கான பொறுப்பு என்ற வாதம் வலுப்பெறும். அது குறைந்தால், முடிவு பெரிதும் அவரவர் உடல்நலம் சார்ந்ததாகிவிடும்.

உச்ச நீதிமன்றத் தீர்ப்பு

2021 நவம்பரில் தமிழ்நாட்டுப் பொதுச் சுகாதாரத் துறை, பொது இடங்களுக்கு வருவோர் தடுப்பூசி போட்டிருக்க வேண்டும் என்று சுற்றறிக்கை விடுத்தது. மகாராட்டிரம், மத்தியப் பிரதேசம் ஆகிய மாநிலங்களிலும் கட்டுப்பாடுகள் இருந்தன. குழந்தை நல மருத்துவர் ஜேக்கப் புலியேல் தொடுத்த வழக்கில் இவை கேள்விக்குள்ளாயின.

2022 மே 2 அன்று நீதிபதிகள் நாகேசுவர ராவ், கவாய் ஆகியோர் அளித்த தீர்ப்பின் சாரம் வருமாறு:

1. ஒருவரின் உடல் மீதான உரிமை அரசியலமைப்பின் 21ஆம் பிரிவில் அடங்கும். எவரையும் தடுப்பூசி போட்டுக்கொள்ளக் கட்டாயப்படுத்த முடியாது.
2. பிறருக்கு நோய் பரவும் அபாயம் இருந்தால், பொதுநலன் கருதி அரசு கட்டுப்பாடுகள் விதிக்கலாம். அவை அபாயத்தின் அளவுக்குப் பொருந்தியவையாக இருக்க வேண்டும்.
3. போடாதவர்களால் போட்டவர்களைவிட அதிகமாக நோய் பரவுகிறது என்று காட்டும் தரவு எதுவும் நீதிமன்றத்தில் வைக்கப்படவில்லை. எனவே போடாதவர்கள் மீது மட்டும் அப்போது விதிக்கப்பட்டிருந்த தடைகள் பொருத்தமற்றவை; தொற்று குறைவாக உள்ளவரை அவற்றை மறுபரிசீலனை செய்ய வேண்டும்.
4. தடுப்பூசிச் சோதனைத் தரவுகளும் பக்கவிளைவு பற்றிய தகவல்களும் மக்களுக்குக் கிடைக்க வேண்டும்.

ஒன்றிய அரசின் தடுப்பூசிக் கொள்கையை நீதிமன்றம் குறை கூறவில்லை. கட்டுப்பாடுகளே கூடாது என்றும் சொல்லவில்லை. கட்டுப்படுத்த விரும்பும் அரசு அதற்கான காரணத்தைத் தரவுகளுடன் காட்ட வேண்டும் என்றே கூறியது.

அரசின் பங்கு

சமூகப் பொறுப்பு குடிமக்களுக்கு மட்டும் உரியதன்று. 2021 செப்டம்பர் 12 அன்று தமிழ்நாட்டில் சுமார் 40,000 இடங்களில் நடந்த முதல் மாபெரும் முகாமில், ஒரே நாளில் 28 லட்சத்துக்கும் மேற்பட்டோருக்குத் தடுப்பூசி போடப்பட்டது. முகாம் நடந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஊசி வீட்டருகே வந்ததும், தயங்கியவர்கள் எனக் கருதப்பட்ட பலர் தாமாகவே வந்து வரிசையில் நின்றனர். மருத்துவமனைக்குப் பேருந்தில் போய்வர ஒருநாள் கூலியை இழக்க வேண்டியவரிடம் பொறுப்பைப் பற்றிப் பேசுமுன், அந்த இழப்பைக் குறைப்பது அரசின் கடமை.

தொகுப்புரை

ஒரு கட்டுப்பாடு நியாயமானதா என்று அறிய நான்கு கேள்விகளைக் கேட்டுப் பார்க்கலாம். நோய் எவ்வளவு கொடியது? தடுப்பூசி பிறருக்குப் பரவுவதை எந்த அளவுக்குத் தடுக்கிறது? முகக்கவசம், தனிமை போன்ற எளிய மாற்று வழி உண்டா? தகவலும் தடுப்பூசியும் எல்லோருக்கும் எளிதாகக் கிடைத்தனவா? இவற்றுக்கான விடைகள் நோய்க்கு நோய், காலத்துக்குக் காலம் மாறும்.

தன் உடலில் எதைச் செலுத்திக்கொள்வது என்பது ஒருவரின் உரிமை. ஊசியை மறுப்பவருக்கும், நோய் கண்டால் விலகியிருக்கும் பொறுப்பு உண்டு. வாசலில் வேப்பிலை செருகிய வீட்டார் ஊருக்குச் செய்ததும் அதுவே.