கண் மங்கி தானா சரியாச்சா? அப்படியே விட்டுடாதீங்க!

ஜலகண்டாபுரம்:

அறுந்த பாவு நூலைப் பிணைக்க கண் கூர்மையாகத் தெரியணும். தறி ஓட்டுகிறவர்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. அந்தக் கண்ணில் ஒன்று மட்டும் திடீரென மங்கினால்? விழியை அசைக்கும்போது வலித்தால்? சில வாரத்தில் அதுவாகவே சரியாகி விட்டால்? "மந்திரிச்ச கயிறு வேலை செஞ்சிருச்சு" என்று ஒரு தேங்காயை உடைத்துவிட்டு மறுபடி தறிக்குப் போய் விடுவோம்.

ஆபத்தே அங்கதான் இருக்கு.

'மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ்' என்ற நரம்பு நோய் பலருக்கு இப்படித்தான் ஆரம்பிக்கிறது. தமிழில் தண்டுவட மரப்பு நோய் என்கிறார்கள். பெயரைப் பார்த்து முதுகு வலி என்று நினைச்சிடாதீங்க. மூளை, கண் நரம்பு, தண்டுவடம் மூன்றையும் தாக்கும்.

மோட்டார் ஒயரின் ரப்பர் உறையை எலி கடிச்சா கரண்டு ஒழுங்கா வருமா? அதே கதைதான். உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்பு சக்தியே தவறுதலாக நரம்பின் மேலுறையை அரித்து விடுகிறது. அரிக்கிற இடத்தைப் பொறுத்து கால் மரத்துப் போகும், நடை தள்ளாடும், உருவம் இரண்டாகத் தெரியும், சிறுநீர் அடக்க முடியாது. வந்த தொந்தரவு அடங்கும். மாசமோ வருஷமோ கழித்து வேறு இடத்தில் கிளம்பும். இடையில் நோய் போய்விட்டதாக அர்த்தம் இல்லை.

உலகம் முழுக்க சுமார் 29 லட்சம் பேருக்கு இது இருக்கிறது. பெரும்பாலும் 20 முதல் 40 வயதுக்குள் வருகிறது. பெண்களுக்குத்தான் அதிகம். தள்ளாடினால் குடிகாரன் பட்டம், அசதியில் படுத்தால் சோம்பேறி பட்டம். கல்யாண வயசுப் பொண்ணு என்றால் வீட்டிலேயே மறைத்து விடுகிறார்கள். இது தொற்று நோய் இல்லீங்க. டாக்டர் ஆலோசனையோடு பிள்ளையும் பெத்துக்கலாம்.

நம்ம ஊர் வெயிலும் இதற்கு எதிரி. உடம்பு சூடானால் பழைய தொந்தரவு தற்காலிகமாகத் தலைதூக்கும். 1890-லேயே உத்தாப் என்ற ஜெர்மன் கண் டாக்டர் இதைக் கவனித்து எழுதினார். ஸ்கேன் இல்லாத காலத்தில் நோயாளியை வெந்நீர்த் தொட்டியில் உட்கார வைத்தே சோதித்தார்களாம்! தறிக்கூடத்தில் இருப்பவர்கள் வெயில் ஏறுமுன் வேலையை முடிப்பதும், கழுத்தில் ஈரத்துண்டு போடுவதும் நல்லது.

இதை ஒரே ஒரு ரத்தப் பரிசோதனையில் கண்டுபிடித்துவிட முடியாது. நரம்பியல் டாக்டர் பார்த்து எம்.ஆர்.ஐ. எடுக்கணும். சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குப் போகலாம். அடியோடு குணமாக்க இன்னும் மருந்து இல்லை. ஆனால் தாக்குதலைக் குறைக்கும் ஊசி, மாத்திரைகள் இருக்கின்றன. எவ்வளவு சீக்கிரம் ஆரம்பிக்கிறோமோ அவ்வளவு நரம்பு மிஞ்சும். நல்லா இருக்கேன்னு நடுவில் நிறுத்தக் கூடாது.

2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் உள்ள 21 வகைகளில் இந்த நோயும் ஒன்று. தமிழக அரசின் பராமரிப்பு உதவித்தொகைப் பட்டியலிலும் இருக்கிறது. 2023 ஜனவரியில் அந்தத் தொகை மாதம் 1,500-ல் இருந்து 2 ஆயிரம் ரூபாய் ஆனது. மருத்துவச் சான்று, அடையாள அட்டை வாங்கி மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் மனு கொடுக்கணும்.

எந்த வருஷம் கண் மங்கியது, எப்போ கால் மரத்தது என்று டாக்டர் கட்டாயம் கேட்பார். ஆயுத பூஜைக்கு வீடு கழுவும்போது பழைய ஆஸ்பத்திரி சீட்டைத் தூக்கிப் போட்டுடாதீங்க.